வாழ்நாள் வளர்ச்சி உளவியலுக்கும் மனநோய்த் தடுப்புக்கும் என்ன தொடர்பு?

கருவிலிருந்து முதுமை வரை மனிதர் எவ்வாறு மாறிக்கொண்டே வருகிறார் என்பதை ஆராய்வது வாழ்நாள் வளர்ச்சி உளவியல். அந்தப் பயணத்தில் மனம் தளரக்கூடிய கட்டங்களை முன்பே கண்டு, நோய் வருமுன் துணைநிற்பது தடுப்பு. ஏரிக்கரையைக் கோடையிலேயே பலப்படுத்துவதைப் போன்றது இது. வெள்ளம் வந்தபின் மணல்மூட்டை அடுக்குவதுதான் சிகிச்சை.

கரையில் எந்த இடம் பலவீனமானது என்பதைப் பல்லாண்டு கவனித்தால்தான் அறியமுடியும். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்களான எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தனர். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் எனப் பல இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் பிறர்மீது அக்கறையும் உள்ளவராகவே வளர்ந்தார். காரணம் ஒன்றல்ல, ஆயினும், பெற்றோரால் இயலாதபோது பாட்டியோ ஆசிரியரோ, யாரேனும் ஒருவர், உறுதியாக உடனிருந்தது அவற்றுள் முக்கியமானது. பதின்வயதில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் முப்பதுகளில் நிமிர்ந்துவிட்டனர் என்பதே எனக்கு இதைவிட வியப்பளிக்கிறது.

ஆகவே, சிறுவயதில் பட்ட காயம் ஆயுள் முழுவதையும் தீர்மானித்துவிடும் என்று பலர் நம்புவது சரியன்று. மேற்படிப்பு, நிலையான வேலை, நல்ல இல்லறம் ஆகியவை பிற்காலத்திலும் வாழ்க்கையின் போக்கை மாற்றியிருக்கின்றன.