கம்பெனி லீஸ் கார் இடிச்சா காசு யார் தலையில?

கேள்வி: சார், எனக்கு தண்டையார்பேட்டை, வேலை அம்பத்தூர்ல. கம்பெனி மூலமா லீஸ்ல கார் எடுத்திருக்கேன், மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்கறாங்க. போன வாரம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஒரு கன்டெய்னர் லாரி அணைச்சுக்கிட்டு வந்துச்சு, பதறி ஒடிச்சதுல பக்கத்துல வந்த ஷேர் ஆட்டோவை உரசிட்டேன். எச்.ஆர்.ல கேட்டா "ஓட்டுனது நீங்க, நீங்கதான் பாத்துக்கணும்"ங்கறாங்க. பாலிசி என் பேர்ல இல்ல. யார் பொறுப்பு? அப்பப்போ என் மச்சானும் ஓட்டுவான், அது சிக்கலா?
- பெயர் வேண்டாம்

பதில்: எச்.ஆர். ரெண்டு தனித்தனி கணக்கை ஒண்ணாப் போட்டு குழப்புறாங்க தம்பி.

ஆட்டோவுக்கும் அதுல இருந்தவங்களுக்கும் ஆனது தர்ட் பார்ட்டி கணக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ரோட்டுக்கே வரக்கூடாது. பாலிசி யார் பேர்ல இருந்தாலும், ஓனர் சம்மதத்தோட, ஒழுங்கான லைசென்ஸ் வச்சுக்கிட்டு நீங்க ஓட்டுனா இன்சூரன்ஸ்காரன்தான் கட்டணும். உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது, பொருள் சேதத்துக்கு பிரைவேட் கார்ல வழக்கமா 7.5 லட்சம் வரை. கேஸ்னு போனா டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனினு எல்லாரையும் சேர்த்துதான் போடுவாங்க, உங்க பேருக்கு நோட்டீஸ் வந்துச்சுனு அலறாதீங்க, உடனே பாலிசிக்காரங்களுக்கு தெரியப்படுத்துங்க. ஓனர் யாருன்னா, லீஸ் ஒப்பந்தப்படி வண்டியை கையில வச்சிருக்கவங்களைத்தான் சட்டம் ஓனர்ங்குது, ஒப்பந்தம் ஆபீஸ் பேர்ல இருந்தா ஆபீஸ் அவ்வளவு சுலபமா கை கழுவ முடியாது. ஒண்ணு மட்டும், ரோட்டோரமா நின்னு "தப்பு என்னுது, நான் தர்றேன்"னு எழுதி கையெழுத்து போட்டுடாதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேக்காம பொறுப்பு ஏத்துக்கக் கூடாதுனு பாலிசியிலயே கண்டிஷன் இருக்கு.

உங்க கார் டென்ட் வேற கணக்கு. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியா, அதாவது உங்க வண்டி சேதத்தையும் சேர்த்து எடுத்ததா இருந்தா அதுவும் கிளெய்ம்தான், ஆனா 1500 சிசி வரைக்கும் 1000 ரூபா, அதுக்கு மேல 2000 ரூபா கழிச்சுப்பாங்க, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் (கூடுதல் காசுக்கு சேர்க்கற கவர்) இல்லைன்னா பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பார்ட்டுக்கு பாதிதான் வரும். இந்த மீதித் தொகையை சம்பளத்துல பிடிக்கலாம்னு லீஸ் லெட்டர்ல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, எச்.ஆர். சொல்றது அதைத்தான். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்க. அதுல இல்லாததை பிடிச்சா மெயில்ல கேளுங்க, வாய்ப்பேச்சு வேணாம். கிளெய்ம் ஃபார்ம்ல பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்க கையெழுத்தும் சீலும் வேணும், அதுக்கு நீங்கதான் நடையா நடக்கணும். இன்சூரன்ஸ்ல இருந்து சேதத்தை மதிப்பு போட வர்ற சர்வேயர் பாக்கறதுக்கு முன்னாடி பட்டறையில எதையும் கழட்ட விடாதீங்க.

மச்சான் லைசென்ஸ் வச்சிருந்தா பொதுவா பாலிசி அவரையும் ஏத்துக்கும். லீஸ் ஒப்பந்தம் ஏத்துக்குமாங்கறதுதான் கேள்வி, பல ஆபீஸ்ல நீங்களும் வீட்டுக்காரம்மாவும் மட்டும்தான் ஓட்டலாம்னு இருக்கும். மீறினா முழு செலவையும் உங்க தலையில கட்ட ஆபீஸுக்கு சாக்கு கிடைச்சுடும். மச்சான் அந்த வண்டில சவாரி கிவாரி அடிச்சாருன்னா பாலிசியே கைவிட்டுடும், பிரைவேட் கார் பாலிசில வாடகைக்கு ஓட்ட இடமே இல்ல.

நீங்க கேக்காத ரெண்டு விஷயம், எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது. சொந்தக் கார்னா ஓனர் டிரைவருக்கு 15 லட்சம் விபத்து காப்பீடு உண்டுல்ல, ஆர்சி கம்பெனி பேர்ல இருந்தா அது கிடையாது, ஏன்னா கம்பெனி கார் ஓட்டாது. தினம் கன்டெய்னருக்கு நடுவுல பூந்து போறவர் நீங்க, உங்க உயிருக்கு அந்தப் பாலிசில ஒத்த ரூபா இல்லாம இருக்கலாம்! ஆர்சியை எடுத்து இன்னிக்கே பாருங்க, கம்பெனி பேர்தான்னா தனியா ஒரு ஆக்சிடென்ட் பாலிசி போடுங்க, பிரீமியம் ஒண்ணும் பெருசா வராது.

ரெண்டாவது, வண்டி திருடு போனாலோ ரிப்பேரே பண்ண முடியாம டோட்டல் லாஸ் ஆனாலோ பணம் லீஸிங் கம்பெனிக்குப் போகும், உங்களுக்கு இல்ல. மூணு வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி, அதாவது பாலிசில வண்டிக்குப் போடற மதிப்பு, புது வண்டி விலையில 40 சதவீதம் குறைச்சுத்தான் கணக்கு, லீஸ் பாக்கி அதைவிட அதிகமா இருந்தா மிச்சத்தை உங்ககிட்டதான் கேப்பாங்க. இந்த மிச்சம் யாருதுனு எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.

கேள்வி: எனக்கும் ஆபீஸ் லீஸ் கார்தான். வியாசர்பாடி கணேசபுரம் சப்வே பக்கம் தண்ணில மாட்டி வண்டி நின்னுடுச்சு, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணதுல இன்ஜின் போச்சு. கிளெய்ம் வருமா?
- கொடுங்கையூர் வாசகர்

பதில்: வெள்ளத்துல சீட்டு, கார்ப்பெட், வயரிங் போனதுக்கு வரும். தண்ணிக்குள்ள செல்ஃப் அடிச்சு இன்ஜின் பிடிச்சதுக்கு வராது, இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தா கேக்கலாம். 2023 டிசம்பர் மிச்சாங் புயல்ல நம்ம பக்கம் வீதி வீதியா தண்ணி நின்னதே, அதுக்கப்புறமும் அது இல்லாம பாலிசி எடுக்கற ஆபீஸை என்ன சொல்றது. பாலிசி காப்பி கேட்டு வாங்கி ஆட்-ஆன் லிஸ்ட்டைப் பாருங்க, இல்லைன்னா ரினீவலுக்கு முன்னாடியே எச்.ஆருக்கு மெயில் போடுங்க, கூடுதல் பிரீமியத்தை நீங்களே தர்றேன்னாகூட போட்டுடலாம்.