ஜன்னல்களும் கொள்ளைநோயும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று மாதமாக மகனுடன் கேம்பிரிட்ஜில் இருக்கிறேன். ஞாயிறு மதியங்களில் பக்கத்துக் கிராமங்களின் பழைய சர்ச்சுகளைப் பார்த்து வருகிறோம். போன வாரம் பார்த்த ஒன்றில் ஒரு பக்க ஜன்னல்களில் கல்வேலை தீச்சுடர் போல நெளிந்திருந்தது. எதிர்ப்பக்கம் கம்பி போட்ட மாதிரி நேர்க்கோடுகள். அங்கிருந்த பெரியவர் சொன்னார்: “வளைவெல்லாம் பிளேக்குக்கு முன்னால் செய்தது. 1348ல் பிளேக் வந்து நல்ல கல்தச்சர்கள் செத்துப்போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் கோடு போடத்தான் தெரிந்தது.” ஜன்னலைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம் என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அது இதுதானா? இன்னொரு கேள்வி. உள்ளே கண்ணில் படுவதெல்லாம் பிரபுக்களின் கல்லறைகள். பிளேக்கைக் கண்ணால் பார்த்தவர்களின் தடயம் எதுவும் இந்தக் கட்டடங்களில் இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெரியவர் சொன்ன கதை நல்ல கதை. நானும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன், நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் தேதி இடிக்கிறது.

அந்த நேர்க்கோட்டு வேலைக்கு பெர்பெண்டிகுலர் என்று பெயர். நெளிவு வேலைக்கு டெக்கரேட்டட். இப்படி வகை பிரித்துப் பெயர் வைத்தவர் தாமஸ் ரிக்மன். லிவர்பூலில் இன்சூரன்ஸ் குமாஸ்தாவாக இருந்தவர். சர்ச் சர்ச்சாக நடந்துபோய்ப் பார்த்து 1817ல் எழுதினார். (கணக்கு எழுதுகிறவர்கள்தான் இந்த மாதிரி வேலைக்குச் சரி என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.) ஜன்னலை வைத்து நான் காலம் சொல்வது அவர் போட்ட பட்டியலை வைத்துத்தான்.

நேர்க்கோடு பிளேக்குக்குப் பதினாறு வருஷம் முன்பே வந்துவிட்டது. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் சாப்டர் ஹவுஸ், அதாவது அங்கிருந்த குருமார்கள் கூடிப் பேசும் மண்டபம், 1332ல் தொடங்கியது. கட்டியவர் வில்லியம் ராம்ஸி என்ற தலைமைக் கல்தச்சர். குளோஸ்டரில், அப்போது மடமாக இருந்த கோயிலில், 1330களிலேயே சுவர் முழுக்க நேர்ச் சட்டங்களை ஓடவிட்டிருக்கிறார்கள். கோடு மட்டுமே போடத் தெரிந்தவர்களின் வேலை என்று அதைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். ராஜாவின் கட்டட வேலைகளையும் கவனித்த ராம்ஸிக்கு வளைவு தெரியாதா என்ன? அவருக்கு அலுத்திருக்கும்.

அந்த ராம்ஸி செத்தது 1349ல். பிளேக் வருஷம். ஆக, பிளேக் நேர்க்கோட்டைக் கொண்டுவரவில்லை. அதை ஆரம்பித்தவரைக் கொண்டுபோனது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதற்காகப் பெரியவரை முழுக்கத் தள்ளிவிடவும் மனசு வரவில்லை. ஆள் குறைந்ததும் கூலி ஏறியது. 1351ல் சட்டமே போட்டார்கள்: தலைமைக் கல்தச்சருக்கு நாளைக்கு 4 பென்ஸ், மற்ற கல்தச்சர்களுக்கு 3, அதற்கு மேல் கேட்கக் கூடாது. பிளேக்குக்கு முந்தைய கூலியிலேயே எல்லோரையும் கட்டிவைக்கப் பார்த்த சட்டம். கூலி ஏறாத நாட்டில் இப்படி ஒரு சட்டம் எதற்கு? நெளிவு ஜன்னலில் ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு வளைவு செதுக்க வேண்டும். நேர்ச் சட்டம் என்றால் ஒரே அச்சுப் பலகையை வைத்துத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டே போகலாம். லண்டனில் இருந்த பாணி கிராமங்கள் வரைக்கும் பரவியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கொத்தனாருக்குக் கை வராததால் அல்ல, கொத்தனார் விலை ஏறிப்போனதால்.

ஒரே சர்ச்சில் இரண்டு பக்கமும் ஏன் வேறு வேறு? பங்கு ஆலயத்தை யாரும் ஒரே மூச்சில் கட்டி முடிப்பதில்லை. பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதியான சான்சலைப் பராமரிப்பது ரெக்டர், அதாவது பங்கின் தலைமைக் குரு, பொறுப்பு. ஜனங்கள் நிற்கும் நடுக்கூடம் ஊர்க்காரர்கள் பொறுப்பு. ஊரில் பணம் புரண்டபோது கூடத்தின் ஒரு பக்கத்தை இடித்து அகலப்படுத்துவார்கள், புது மோஸ்தரில் ஜன்னல் வைப்பார்கள். மறுபக்கம் பழையபடியே நிற்கும். இந்தப் பாகப்பிரிவினை இன்னும் சாகவில்லை. ஒரு காலத்தில் ரெக்டருக்குச் சேர்ந்த நிலத்தை வைத்திருந்த ஒரு தம்பதி சான்சல் ரிப்பேர் செலவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ல் பிரபுக்கள் சபை (அன்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதுதான்) தீர்ப்புச் சொன்னது. ஆஸ்டன் காண்ட்லோ என்ற கிராமம். செலவு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது.

சரி, இரண்டாவது கேள்வி. தடயம் இருக்கிறது, உங்கள் பக்கத்திலேயே. ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் ஆஷ்வெல். கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன் போகும் ரயில் பாதையில் அந்தப் பெயரிலேயே ஸ்டேஷன் உண்டு, ஆனால் ஸ்டேஷனில் ஊர் இல்லை. இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். 176 அடி கோபுரம், அதனால் வழி கேட்க வேண்டியிருக்காது.

செயின்ட் மேரி ஆலயம் பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கல்லுக்குப் பெயர் கிளஞ்ச். சுண்ணாம்புப் பாறைதான், சாக்பீஸுக்கு அண்ணன் மாதிரி. விரலால் தடவினால் வெள்ளையாக ஒட்டும். வெளிச்சுவரை மழையும் பனியும் கரைத்துவிடும், உள்சுவரில் யார் வேண்டுமானாலும் கத்தி முனையால் எழுதலாம். எழுதியிருக்கிறார்கள்.

கோபுரத்தின் உள்ளே, வடக்குச் சுவரில், லத்தீனில் சில வரிகள். முதல் வரி வருஷத்தை விடுகதை மாதிரி சொல்கிறது: ஆயிரம், மும்முறை நூறு, ஐம்முறை பத்து. 1350. பிறகு நோயைப் பற்றி மூன்று சொற்கள்: மிஸராண்டா, ஃபெராக்ஸ், வயலெண்டா. பரிதாபமானது, மூர்க்கமானது, வெறிகொண்டது. அடுத்தது, சாட்சி சொல்ல மிஞ்சிய மக்களைப் பற்றி. அங்கே எழுதியிருப்பது ‘ப்ளெப்ஸ் பெஸிமா’. வழக்கமாக ‘பாவப்பட்ட ஜனங்கள்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் பெஸிமா என்றால் நேர்ப்பொருள் ‘மகா மட்டமான’ என்பதுதான். நல்லவர்கள் போய்விட்டார்கள், சாட்சிக்கு மிச்சம் இருப்பது நாங்கள், கழிசடைகள். எழுதியவர் இரண்டில் எதை நினைத்தாரோ. எனக்கு இரண்டாவதுதான் காதில் விழுகிறது.

கடைசியில் ஒரு பெருங்காற்று: 1361, மாரஸ் புனிதர் நாளில் உலகமெங்கும் இடித்து முழங்கியது என்று. அது ஜனவரி 15. அந்தக் காலத்தில் அவர்களுக்கு வருஷம் மார்ச் 25ல்தான் பிறக்கும், அதனால் நம் கணக்கில் 1362. நார்விச் பேராலயத்தின் கூர்முனைக் கோபுரத்தைச் சாய்த்தது இந்தக் காற்றுதான். அதற்கு முந்தைய வருஷம் பிளேக் இரண்டாவது முறையும் வந்துபோயிருந்தது.

லத்தீன் செய்யுள் எழுதியவர் ஏர் பிடித்தவராக இருக்க முடியாது. பாதிரியாராகவோ எழுத்தராகவோ இருக்கலாம். நீங்கள் கேட்ட சாதாரண ஜனத்தை அந்த ‘ப்ளெப்ஸ்’ என்ற சொல்லுக்குள்தான் தேட வேண்டும். பிரபுவின் கல்லறையில் அந்தச் சொல் இருக்காது.

அதே கோபுரத்துக்குள் ஒரு பெரிய சர்ச்சின் படமும் கீறியிருக்கிறது. லண்டன் தீயில் 1666ல் எரிந்துபோன பழைய செயின்ட் பால் என்கிறார்கள். ராம்ஸி வேலை செய்த அதே இடம்.

அப்புறம், தூண்களையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். ஒன்றில் யாரோ வேலையின் லட்சணத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்: மூலைகள் சரியாகச் சேரவில்லை, காறித் துப்புகிறேன். மேஸ்திரியா, சம்பளம் கிடைக்காதவரா, தெரியாது. துப்புவதற்கும் லத்தீன்தான்.

போகும்போது டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், செல்போன் வெளிச்சமும் போதும். நேராக அடித்தால் வெறும் சுவர்தான் தெரியும். சுவரோடு சுவராகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து மேலே வரும். தொட்டுப் பார்க்க வேண்டாம், விரலோடு கல் வந்துவிடும்.