அரசுப் பள்ளிக்கு நியாயமான பங்கு எது? கேள்வி பதில்

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராகவும் பின்னர் வட்டாரக் கல்வி அலுவலராகவும் இருந்து ஓய்வுபெற்றவன் நான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வரும் பணம் குறித்து அன்பர்கள் அனுப்பியுள்ள கேள்விகளுக்கு, அந்த அனுபவத்தைக் கொண்டு விடை தருகிறேன்.

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 28 பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளி மானியம் 10,000 ரூபாய். 34 பிள்ளைகள் உள்ள பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு 25,000 ரூபாய். இது எப்படி நியாயமாகும், ஐயா? (தலைமையாசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்)

நியாயமாகாது, அம்மா. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) விதிப்படி, ஆண்டுக்கு 30 பிள்ளைகள் வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் ரூபாய் என்று படிக்கட்டுபோல் மானியம் வகுக்கப்பட்டிருக்கிறது. முப்பதாவது பிள்ளைக்கும் முப்பத்தொன்றாவது பிள்ளைக்கும் இடையே 15,000 ரூபாய் நிற்கிறது. ஜூன் மாதம் ஒரு குடும்பம் வேலை தேடி வெளியூர் போய்விட்டால் ஒரு பள்ளி தன் மானியத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடக்கூடும். மறுபுறம், 1,000 பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளிக்குத் தலைக்கு 75 ரூபாய்தான் கிடைக்கிறது. ஆகவே சிறிய பள்ளிக்கும் குறைவு, நெரிசலான பள்ளிக்கும் குறைவு என்பதே உண்மை.

நான் பலமுறை எழுத்தில் தெரிவித்த யோசனை இதுதான்: தண்ணீர் மோட்டார், கழிப்பறைத் தூய்மை, சுண்ணக்கட்டி, சிறு பழுது ஆகியவை பிள்ளைகளின் எண்ணிக்கை எதுவாயினும் வேண்டியவை என்பதால் எல்லாப் பள்ளிக்கும் ஓர் அடிப்படைத் தொகை; அதன்மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொகை; மலைக்கிராமம், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஆகியோருக்காகக் கூடுதல் தொகை. இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2013இல் கொண்டுவந்த முறையில், வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 விழுக்காடு கூடுதலாக ஒதுக்கப்படுகிறது.

தொகையைப் போலவே காலமும் முக்கியம். நான் தலைமையாசிரியராக இருந்த ஓராண்டில் மானியம் பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. மார்ச் 31க்குள் கணக்கு முடிக்கவேண்டும் என்பதால், மழையில் ஒழுகிய கூரையைக் கோடை தொடங்கும் வேளையில் சரிசெய்தோம். அந்த மழைக்காலம் முழுவதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் என்று படித்தேன். என் மகள் பள்ளியில் ஏன் பயன்படுத்தத்தக்க கழிப்பறை இல்லை? (ஒரு தாய், பெரம்பலூர்)

அந்தத் தொகையில் மிகப்பெரும் பகுதி ஊதியமாகவே செல்கிறது. அது வீண்செலவு அன்று; ஆசிரியர் இல்லாமல் பள்ளி இல்லை. கட்டடம், கழிப்பறை போன்றவற்றுக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போன்ற தனித் திட்டங்களிலிருந்துதான் பணம் வரவேண்டும். எந்தப் பள்ளிக்கு முதலில் என்பதில் உங்கள் குரலுக்கு இடமுண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும்; பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுக்கவேண்டியதும் அந்தக் குழுதான். கழிப்பறைக் குறையைத் தீர்மானமாக எழுதிக் கையொப்பமிட்டு, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிய அரசு நிறுத்திவைத்த பணம் பற்றி விளக்க முடியுமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது பங்கீடு. தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் ஒன்றிய அரசின் வேறொரு திட்டமான பி.எம்.ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்தது. அதில் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கும் நிபந்தனை அடங்கியிருந்ததே காரணம். இதையடுத்து, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குரிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படாத நிலையில், மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களில் சேரும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்தைத் திருப்பித் தருவதும் இதனால் தடைப்பட்டு, அவ்வாண்டின் சேர்க்கை மாதக்கணக்கில் தாமதமானது.

கொள்கையில் கருத்துவேறுபாடு இருக்கலாம்; ஆனால் ஒரு திட்டத்தின் நிபந்தனைக்காக வேறொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது பிள்ளைகளைப் பணயம் வைப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து. 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி, மாநிலப் பட்டியலிலிருந்து ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனதிலிருந்து வளர்ந்துவந்த சிக்கல் இது. நாம் கட்டும் வருமான வரியின்மேல் வசூலிக்கப்படும் 4 விழுக்காடு நலவாழ்வு மற்றும் கல்வித் தீர்வை, மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் வரித்தொகுப்பில் சேர்வதில்லை என்பதையும் கவனியுங்கள்.

15 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எதற்கு? இணைத்துவிட்டால் செலவு மிச்சமாகுமே? (வரி ஆலோசகர், கோவை)

ஐந்து வயதுப் பிள்ளை நடந்து போகும் தொலைவை முதலில் அளக்கவேண்டும், ஐயா. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்ற விதி அதற்காகவே ஏற்பட்டது. நெடுஞ்சாலையையோ ஓடையையோ கடந்து போகவேண்டிய ஊரில் பள்ளியை மூடினால், முதலில் நின்றுபோவது பெண் பிள்ளைகளின் படிப்பு.

சிக்கனம் வேண்டுமானால் ஆசிரியர் பணியிடங்களைப் பாருங்கள். ஊதியமே பெருஞ்செலவு என்பதால், ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அரசின் பணமும் இருக்கிறது. பேருந்து வசதியுள்ள ஊர்ப் பள்ளியில் உபரி ஆசிரியர் இருப்பார். ஜவ்வாது மலைப் பள்ளிக்கு இடமாறுதல் கலந்தாய்வில் யாரும் கைதூக்கமாட்டார். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பையும் அந்த இருவரே நடத்தவேண்டும், அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ பதிவேற்றப் பணிக்கோ போய்விட்டால் அன்று அது ஓராசிரியர் பள்ளி. உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலைக் காகிதத்தில் முடித்துவிடாமல், மலைப்பகுதிக்குச் செல்பவருக்குக் குடியிருப்பும் தகுந்த படியும் தந்து செய்யவேண்டும்.

நான் படித்த பள்ளிக்குப் பணம் அனுப்ப விரும்புகிறேன். (முன்னாள் மாணவர், சிங்கப்பூர்)

மிக்க மகிழ்ச்சி. 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக அனுப்பினால் கணக்கு தெளிவாக இருக்கும். காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் மேசை நாற்காலியும் தந்த மரபின் தொடர்ச்சி இது. ஆனால் வசதி படைத்த முன்னாள் மாணவர் இல்லாத பள்ளிகளே மிகுதி. நன்கொடை அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. இயன்றால், உங்கள் பள்ளிக்குத் தரும்போதே அதே ஒன்றியத்தில் நலிந்த இன்னொரு பள்ளிக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

எங்கள் பள்ளிக்கு எவ்வளவு வந்தது என்று யாரைக் கேட்பது? (மேலாண்மைக் குழு உறுப்பினர், தேனி)

குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் வரவு செலவுப் பதிவேட்டைக் கேளுங்கள். அவரைக் குற்றஞ்சாட்டும் தொனி வேண்டாம், பெரும்பாலும் அவரும் பணத்துக்காகக் காத்திருப்பவரே. விடை கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்த நாளில் வந்தது என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.