ரயருக்குள் தண்ணீர்: உறையும் நாட்டிலும் உறையாத நாட்டிலும்

கேள்வி: எங்கள் உழவு இயந்திரத்தின் பின் ரயர்களுக்குள் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். கனடாவில் சஸ்கச்சுவான் மாகாணத்தில் பண்ணை வைத்திருக்கும் என் தம்பி தானும் அவ்வாறு செய்யலாமா என்று கேட்கிறார். அங்கே உப்புக் கரைசல் ஊற்றுகிறார்களாம். நாங்களும் அதற்கு மாறுவது நல்லதா?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: வெறும் தண்ணீர் வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சஸ்கச்சுவானின் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை −30 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதுண்டு. அப்படியான இரவில் நிறுத்திவைத்த இயந்திரத்தின் ரயருக்குள் இருக்கும் தண்ணீர், மேற்பரப்பு மட்டமாகவும் அடிப்பக்கம் தரையில் அழுந்திய வடிவத்திலும் ஒரே பாளமாக உறைந்துவிடும். காலையில் அதனை ஓட்டினால் சில்லு தடதடக்கும். வளைந்து கொடுக்க வேண்டிய ரயர் வளைய இடமின்றிப் பழுதடையும்.

நெடுங்காலமாக அங்கே பயன்படுவது கல்சியம் குளோரைட்டுக் கரைசல். கரைசலின் எடையில் ஏறத்தாழ 30 வீதம் இந்த உப்பு இருந்தால் அது −50 பாகை அளவு வரை உறையாது; அதற்கு மேலும் உப்பைக் கூட்டினால் உறைநிலை மறுபடியும் ஏறிவிடும் என்பதால், கூடப் போட்டால் கூடப் பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. கரைக்கும்போது கரைசல் நன்றாகச் சூடேறும். ஆகவே தண்ணீருக்குள் உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. லீற்றருக்கு 1.3 கிலோ அளவு எடையுள்ளதால் தண்ணீரைவிடப் பாரமும் கூடுதல். ஆனால் இரும்பு றிம்மை இது அரித்துத் தின்றுவிடும். வால்வின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். ரியூப் இல்லாமல் இதை நிரப்பவே கூடாது.

இன்னொரு வழி, சீனி பீற்றூட்டிலிருந்து (sugar beet) சீனி எடுத்தபின் மிஞ்சும் பாகு. அது இரும்பை அரிக்காது, பாரமும் ஏறக்குறைய அதே அளவு, விலைதான் அதிகம். தம்பியின் கையில் பணம் இருந்தால் நான் அதையே சொல்வேன். வாகன ரேடியேற்றரில் உறையாமலிருக்க ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் இனிப்பாக இருப்பதால், கசிந்தால் நாயும் மாடும் நக்கிச் செத்துப்போகும். கால்நடை உள்ள பண்ணைக்கு அது ஆகாது.

எதை நிரப்பினாலும் வால்வை உச்சிக்குத் திருப்பி, திரவம் அந்த மட்டத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அது ஏறத்தாழ 75 வீதம். மீதி இடம் காற்றுக்குரியது.

உங்கள் விடயம் வேறு. திருகோணமலையில் தண்ணீர் உறையும் குளிர் இல்லாதபோது, உப்பைக் கரைத்து றிம்மைப் பலிகொடுக்க ஒரு காரணமும் இல்லை. 13.6-28 அளவு ரயர் ஒன்று அந்த 75 வீத மட்டம் வரை ஏறக்குறைய 200 லீற்றர் கொள்ளும். இரண்டிலுமாக 400 கிலோ. பெட்டி இழுக்கவும் காய்ந்த நிலம் உழவும் அது போதும். கடலோரக் கிணற்று உவர்த் தண்ணீரை மட்டும் விடாதீர்கள், அதுவும் அரிக்கும். சேற்று உழவுக்கு இரும்புச் சில்லு பூட்டும்போது இந்தப் பாரமே இயந்திரத்தைப் புதையச் செய்யும். அப்போது தண்ணீரை வடித்துவிட்டுக் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள்.