ஒரு பக்டீரியாவின் மருந்தெதிர்ப்பு இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது?

வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் தங்கை ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். கண்டுபிடித்தது யார் என்றும் கேட்கிறார்.

ஒருவர் மட்டுமல்ல. வயிற்றுளைவு தரும் சிகெல்லாவிடமிருந்து குடலில் வாழும் ஈ.கோலை பக்டீரியாவுக்கு, பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே தடவையில் தாவுவதை 1950களின் கடைசியில் யப்பானியர்கள் கண்டார்கள். அந்தத் தாவும் பொருளின் பின்னாலேயே பல ஆண்டுகள் போனவர் அமெரிக்கரான ஸ்டான்லி ஃபால்கோ (1934–2018). அது பக்டீரியாவின் முக்கிய டீஎன்ஏயான நிறமூர்த்தத்துக்கு வெளியே இருக்கும் சிறிய வட்ட டீஎன்ஏ, அதாவது பிளாஸ்மிட். இரண்டு பக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது அதன் பிரதி ஒன்று மற்றதுக்குள் போகும். கொடுத்ததிடமும் அது இருக்கும். குடல் பக்டீரியாக்களில் இருந்த அதே பெனிசிலின் எதிர்ப்பு மரபணு, வெட்டைநோய்க் கிருமிக்கும் வந்துவிட்டதை 1970களில் அவருடைய குழு காட்டியது. எனக்கு அவருடைய வேலையில் மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

கொழும்பில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காலையில், கிருமி வளர்க்கும் ஏகார் தட்டைத் திறந்தால் மருந்து வில்லையைச் சுற்றி, கிருமி வளராத தெளிவான வளையம் இருக்கவேண்டும். சில சிறுநீர் மாதிரிகளில் ஈ.கோலை வில்லையின் விளிம்புவரை படர்ந்திருக்கும், மூன்று நான்கு வில்லைகளிலும் அப்படியே. மனம் கனத்துப்போகும்.

1988இல் ஃபால்கோ இன்னொரு விதியும் வகுத்தார்: ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தால் கிருமியின் வீரியம் குறையவேண்டும், திருப்பி வைத்தால் மீளவேண்டும். அப்போதுதான் நோய்க்கு அந்த மரபணு காரணம் எனலாம். 2008இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது பெற்றார்.