கஞ்சியோடா, கஞ்சி இல்லாமலா?

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று யோசனை. ஆனால் எங்கள் பேராசிரியர் ஒருவர், "பேஷன் (passion, தீராத ஆர்வம்) இல்லாதவர்கள் பிஎச்.டி. பக்கம் வராதீர்கள்" என்று அடிக்கடி சொல்கிறார். கூடப் படிப்பவர்கள் பொருளாதாரம்தான் உயிர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. கணிதமும் சுமார்தான். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். எத்தனை ஷிஃப்ட், எவ்வளவு பிடித்தம் என்று அவருடைய சனிக்கிழமைச் சம்பளத்தை எட்டாம் வகுப்பிலிருந்து நான்தான் நோட்டில் எழுதுகிறேன். பொருளாதாரத்தோடு எனக்கு இருக்கும் உறவு அவ்வளவுதான். எனக்கு இதற்குத் தகுதி இருக்கிறதா? வெளிநாட்டுக்கு முயலலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்தபோது இருவேல்பட்டு என்ற ஊரைப் பற்றிய என் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

கணிதம் உட்கார்ந்து படித்தால் வரும். அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரமுக்குப் போதிய கணிதம் இல்லையென்று பொருளாதார முனைவர் படிப்பில் இடம் தரவில்லை. அவர் அரசியல் அறிவியலுக்குப் போனார். நிலத்தடி நீரை ஒரு வட்டாரத்து மக்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசில் பாதி அவருக்குத்தான் வந்தது. ஆறுதலுக்காகச் சொல்கிறேன், சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாடு பற்றி உங்கள் துறையிலேயே கேளுங்கள். நெட் தகுதித் தேர்வு எழுதுங்கள், ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அது வீட்டுக்கு உதவும், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பேஷன் என்ற அந்தச் சொல்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள் முன்னால் நின்று, பேஷன் இருந்தால் இரு, இல்லாவிட்டால் போ என்பது ஒரு ஆசிரியர் பேசும் பேச்சா? உயிர், காதல் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் எந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு, எந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுக்கணக்கில் நிரந்தரம் இல்லாமல் பாடம் எடுக்கிறார்கள். அவர்கள் சம்பளம் கேட்கும்போதும் இதே சொல்தான் வருகிறது: ஆர்வத்துக்காகத்தானே வந்தீர்கள் என்று.

உங்கள் மேலும் கோபம்தான். தகுதி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கடைசியாகப் படித்த ஒரு கட்டுரையைப் பற்றி ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லையே.

இருவேல்பட்டுக்கு வருகிறேன். விழுப்புரம் பக்கத்து ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊர் நிலவரத்தை எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி என்ன என்று. அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. அதே ஊருக்கு 1937இல் ஆய்வாளர்கள் மறுபடி போனார்கள், 1981இல் போனார்கள், 2008இலும் போனார்கள். தமிழ்நாட்டு உழவுக்கூலிகளின் வாழ்க்கை ஒரு நூற்றாண்டில் எப்படி மாறியது என்று இன்று நாம் பேச முடிகிறதென்றால், இப்படிச் சில ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களால்தான். அதன் தொடக்கம் ஒரு மாணவர் செய்த வீட்டுப்பாடம். அவருக்குப் பேஷன் இருந்ததா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டதை எழுதிக் கொடுத்தார். அடுத்து வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் இருந்தது.

1983 கோடையில் நானும் ஒரு கிராம ஆய்வில் கணக்கெடுப்பவனாக இருந்தேன். நாள்படி கிடைக்கும் என்றுதான் போனேன். ஒரு வீட்டில் பெண்களின் நடவுக்கூலி 4 ரூபாய் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் படிவங்களைப் பார்த்த பேராசிரியர் அந்த இடத்தில் விரலை வைத்தார். "கஞ்சியோடா, கஞ்சி இல்லாமலா?" நான் கேட்டிருக்கவில்லை. "காலைல போய்க் கேட்டுட்டு வாங்க." அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை.

ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள். எரிச்சலோடுதான் மிதித்தேன். அந்த அம்மாள் வாசலில் வரட்டி தட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் கையை நிறுத்தாமலே சொன்னார்: "கஞ்சி உண்டுதான் தம்பி. ஆனா கஞ்சி ஊத்துற வூட்டுல விடியறதுக்கு முன்ன போயி மாட்டுக் கொட்டாயக் கூட்டிட்டுத்தான் நடவுக்கு எறங்கணும். அதுக்குத் தனியா யாரு குடுப்பா?"

படிவத்தில் அதற்கு இடமே இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். கூலியோடு சேர்த்துத் தரும் சாப்பாடு என்று நாங்கள் கணக்கிட்டிருந்தது, அந்த வீட்டில் இன்னொரு மணி நேர வேலைக்கான விலை. திரும்பும் வழியில், யாரும் சொல்லாமலே, இன்னும் நான்கு வீடுகளில் சைக்கிளை நிறுத்திக் கேட்டேன். இரண்டு வீடுகளில் அதே பதில். ராத்திரி தூக்கம் வரவில்லை. மற்றப் படிவங்களில் எத்தனை 4 ரூபாய் இப்படி இருக்குமோ என்று. அதற்கு முன்தினம்வரை பொருளாதாரம் எனக்கு ஒரு டிகிரி.

இப்போது உங்கள் நோட்டு. எட்டாம் வகுப்பிலிருந்து என்றால் எட்டொன்பது வருடம் இருக்குமா? வாரம் தவறாமல் ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியின் வருமானம், அவர் மகளே எழுதியது. அதை "அவ்வளவுதான்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஒன்றரை ஷிஃப்ட் பார்த்த வாரங்களில் அந்த அரை ஷிஃப்டுக்கு என்ன போட்டார்கள்? பிடித்தம் எதற்கு? 2020 மார்ச் கடைசியிலிருந்து எத்தனை சனிக்கிழமைகள் காலியாக இருக்கின்றன? மறுபடி வேலை தொடங்கியபோது பழைய கூலியா, குறைத்தார்களா?

நோட்டில் இல்லாததை அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி எனக்கு அனுப்புங்கள்.