கம்பி வளையுது, ஸ்வரம் சேரலையே!

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எலெக்ட்ரிக் கிட்டார் பெண்ட் (கம்பியைத் தள்ளி ஸ்வரத்தை ஏற்றுவது) பற்றியவை. ஆடிப் பண்டிகை மேடைகள் நெருங்குவது காரணமாக இருக்கலாம். சோலோவில் மற்றதெல்லாம் வந்துவிடுகிறது, பெண்ட் வரும் இடத்தில் மட்டும் மானம் போகிறது என்பதுதான் எல்லோருடைய புலம்பலும்.

இரண்டாவது கம்பி, எட்டாவது ஃப்ரெட்டில் (மெட்டில்) ஒரு முழு பெண்ட். சில நாள் சரியாக வருகிறது, சில நாள் நாராசம். எவ்வளவு தூரம் தள்ள வேண்டும், மாஸ்டர்?
கல்லூரி மாணவர், அம்மாபேட்டை

தூரத்தை அளக்காதீர்கள், தம்பி. அந்த இடத்தில் இருப்பது ஜி, 392 ஹெர்ட்ஸ். முழு பெண்ட் போய்ச் சேர வேண்டியது ஏ, 440 ஹெர்ட்ஸ். அதே கம்பியின் பத்தாவது ஃப்ரெட்டில் அது தயாராக இருக்கிறது. முதலில் பத்தாவதை மீட்டி, வாயால் பாடிப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டை விடாமல் எட்டாவதுக்கு வந்து கம்பியைத் தள்ளுங்கள். குரலும் கம்பியும் ஒன்றாகிற இடம்தான் உங்கள் இடம். பாட்டு கற்றவர்கள் ஸட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்குப் போவதாக நினைத்துக்கொள்ளலாம். அரை பெண்ட் என்றால் சுத்த ரிஷபம்.

தூரம் ஏன் உதவாது என்றால், கம்பிக்குக் கம்பி அது மாறும். மூன்றாவது கம்பி கொஞ்சம் தள்ளினாலே எகிறிவிடும். முதல் கம்பியை, அதாவது மிக மெல்லியதை, அதே ஸ்வரம் ஏற்ற நிறையத் தள்ள வேண்டும். விரல் பழகிய தூரத்தை நம்பினால் கம்பி மாறும்போதெல்லாம் ஏமாற்றும்.

இன்னொரு பயிற்சி. இரண்டாவது கம்பி ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், மூன்றாவது கம்பி ஏழாவதில் மோதிர விரல். இரண்டையும் சேர்த்து அடித்து மூன்றாவதை மட்டும் ஏற்றுங்கள். சுருதி நெருங்க நெருங்க 'வவ்வவ்வவ்' என்று ஓர் அதிர்வு கேட்கும், அது மெதுவாகிக்கொண்டே வரும். அடங்கிவிட்டால் சேர்ந்துவிட்டது. மறுபடி அதிர ஆரம்பித்தால் தாண்டிவிட்டீர்கள். வீட்டில் வாசிக்கும்போது பெரும்பாலானவர்கள் எட்டாமல் நிற்பார்கள். மேடையில் படபடப்பில் தாண்டிப் போவார்கள். இரண்டில் தாண்டுவதுதான் காதுக்கு அதிகக் கொடுமை.

விரலில் பலமே இல்லை. மோதிர விரலால் எவ்வளவு முக்கினாலும் முக்கால் வழியில் நின்றுவிடுகிறது. உடற்பயிற்சிக் கருவி ஏதாவது வாங்கலாமா?
ஓமலூர் வாசகர்

வேண்டாம், காசுக்குக் கேடு. முழு பெண்ட் போட்டால் கம்பியின் இழுவிசை சுமார் 26 சதவீதம் ஏறுகிறது. அதை ஒற்றை விரல் ஏன் சுமக்க வேண்டும்? மோதிர விரல் கம்பியில் இருக்கும்போது நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே கம்பியில் பின்னால் வரிசையாக நிற்கட்டும். கட்டைவிரல் நெக்கின் (கிட்டார் கழுத்தின்) மேல்விளிம்பைத் தாண்டிக் கொக்கி போடட்டும். ஆள்காட்டி விரலின் அடிக்கணு நெக்கின் கீழ்விளிம்பில் அழுந்த, அதை அச்சாக வைத்து முன்கையைத் திருப்புங்கள், பூட்டில் சாவி திருப்புவது போல. விரல்கள் மடங்கிய நிலையிலேயே இருக்கும், திரும்புவது கை. சரியாகச் செய்தால் கண்ணாடியில் முழங்கை லேசாக அசைவது தெரியும். விரல் கணுக்கள் மட்டும் நீண்டு மடங்கினால் பழைய பழக்கம் போகவில்லை.

கிளாசிக்கல் கிட்டார் கற்றவர்களுக்குக் கட்டைவிரலை நெக்கின் பின்னால் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அது அந்த வாசிப்புக்கு. பெண்ட் வரும் இடத்தில் தயங்காமல் மேலே கொண்டுவாருங்கள்.

பத்தாவது ஃப்ரெட்டிலிருந்து பதினான்குக்குள் பழக ஆரம்பியுங்கள். நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை) பக்கத்தில், இரண்டாவது மூன்றாவது ஃப்ரெட்டில், அதே பெண்ட் மிகவும் கடினம். கம்பி செட்டையும் பாருங்கள். 10 கேஜிலிருந்து (முதல் கம்பியின் தடிமன் எண்) 9-க்கு இறங்கினால் முதல் கம்பியின் இழுவிசை 19 சதவீதம் குறையும். தடித்த கம்பி போட்டால்தான் ஆம்பளை என்று ஒரு பேச்சு உண்டு. 13 கேஜ் போட்டு வாசித்த ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வானே அரை டோன் இறக்கித்தான் டியூன் செய்தார்.

அக்கூஸ்டிக் கிட்டாரில் மூன்றாவது கம்பி அசையவே மறுக்கிறது.
ஆத்தூர்

அதில் மூன்றாவது கம்பி பெரும்பாலும் சுற்றுக் கம்பி. எலெக்ட்ரிக்கில் வெறும் எஃகுக் கம்பி. உங்கள் மேல் தப்பில்லை. அக்கூஸ்டிக்கில் அரை பெண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டதும் பெண்டை இறக்கும்போது பக்கத்துக் கம்பிகள் கத்துகின்றன.
செவ்வாய்ப்பேட்டை

இரண்டாவது கம்பியை மேலே தள்ளும்போது விரல்நுனி மூன்றாவது கம்பியையும் சேர்த்துத் தள்ளுகிறது. இறங்கும்போது அது தப்பித்து ஒலிக்கிறது. பின்னால் சும்மா நிற்கும் ஆள்காட்டி விரலின் நுனி மூன்றாவதைத் தொட்டபடியும், அதே விரலின் அடிப்பகுதி முதல் கம்பியில் படிந்தும் இருக்கட்டும். நான்கு, ஐந்து, ஆறாவது கம்பிகளை அடக்கும் வேலை பிக் (மீட்டும் சில்லு) பிடிக்கும் கையின் உள்ளங்கை ஓரத்துக்கு. இதைச் சத்தமில்லாமல் பழக முடியாது. டிஸ்டார்ஷனை வழக்கத்தைவிடக் கூட்டி வைத்து, மிக மெதுவாக ஏற்றி இறக்கிப் பழகுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கோயில் மேடையில் இரண்டு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. போன மாதம் ஏற்காட்டில் வாசித்தபோது நேர்மாறாக ஏறிக் கிடந்தது. கிட்டாரை மாற்ற வேண்டுமா?
ஆர்கெஸ்ட்ரா கிட்டாரிஸ்ட், சூரமங்கலம்

மாற்ற வேண்டாங்க. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்து வெயிலில் டியூன் செய்த எஃகுக் கம்பி அங்கே குளிரில் சுருங்கி இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. மேலே போனதும் பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் விட்டுப் பிறகு டியூன் செய்யுங்கள். பனிமூட்டத்தில் வாசித்த கம்பியைத் துடைக்காமல் மூடினால் துரு பிடிக்கும். துருக் கம்பி பெண்டில்தான் முதலில் அறும்.

மேடையில் இறங்குவது வேறு கதை. பெண்ட் போடும்போது நட்டின் பள்ளம் வழியாகக் கம்பி வழுக்கி வருகிறது, திரும்பிப் போகாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. டியூன் செய்யும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் இதுதான் நோய். பென்சில் முனையால் நட் பள்ளங்களில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பாட்டுக்கு நடுவே ஆகிவிட்டால், நட்டுக்கும் கீக்கும் (டியூன் செய்யும் திருகு) இடையில் உள்ள கம்பியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். பல சமயம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைக்கும் பிரிட்ஜ்) என்றால் ஒரு கம்பியைப் பெண்ட் செய்யும்போதே மற்றவை இறங்கும். அந்தக் கைப்பிடியைத் தொடாதவர் நீங்கள் என்றால் பின்னால் ஸ்பிரிங்கை இறுக்கிப் பிரிட்ஜை உடம்போடு படியவிட்டு, மறுபடி டியூன் செய்துகொள்ளுங்கள்.

உச்சிக்குப் போனதும் சத்தம் செத்துவிடுகிறது. பதினைந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் மட்டும்.
குகை

கம்பி அடுத்த ஃப்ரெட்டில் முட்டுகிறது. பலகையின் வளைவு அதிகமுள்ள பழைய பாணி நெக்கில், ஆக்‌ஷனும் (கம்பிக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி) தாழ்வாக இருந்தால் இது வரும். முதல் இரண்டு கம்பிகளின் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) ஆலன் கீயால் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அந்த ஃப்ரெட் மேடாக இருக்கும், பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பத்து வயது மகள் வீணை கற்கிறாள், இப்போது கிட்டாரும் கேட்கிறாள். வீணையில் கம்பியை இழுக்கும் பழக்கம் இதற்கு உதவுமா, கெடுக்குமா?
ஏற்காடு வாசகி

காதுக்குப் பெரிய உதவி, அம்மா. வீணையில் ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரம் இழுத்து வாசிக்கும் பிள்ளைக்கு, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இறங்குவதும் இசைதான் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கிட்டார் மட்டும் கற்றவர்கள் ஏற்றுவதோடு வேலை முடிந்ததாக நினைத்து இறக்கத்தைக் கோட்டைவிடுவார்கள். கம்பியை முதலில் ஏற்றி வைத்து, பிறகு மீட்டி இறக்கும் பெண்ட் அவளுக்குச் சீக்கிரம் வரும். எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னாவை அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கைப்பழக்கம் வேறு. வீணையில் கம்பியைத் தன் பக்கமிருந்து விலக்கி இழுப்பாள், கிட்டாரில் மெல்லிய கம்பிகளை மேல்நோக்கித் தள்ள வேண்டும். பத்து வயதுக் கைக்கு 9 கேஜ், அதையும் ஒரு முழு டோன் இறக்கி டியூன் செய்துகொடுங்கள். ஆரம்பத்தில் அரை பெண்ட் மட்டும். விரல்நுனி கொப்பளித்தால் அது வற்றும் வரை இரண்டையும் தொட வேண்டாம். வீணை டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.